மாடத்தியம்மையார் வளர்த்த குறிஞ்சி

வேங்கைமலை முருகன் கோயில் நந்தவனத்துக்கு எருச் சுமப்பது மாடத்தியம்மையாரின் தொழில். மட்கிய சாணக் கூடையைத் தலையில் ஏற்றி, இருநூற்றுப் பத்துப் படிகளையும் நாள்தோறும் ஏறுவார். நந்தவன வாசலில் கூடையை இறக்கியதும் சன்னிதி இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பிவிடுவார். சாணம் படிந்த சேலையோடு உள்ளே போக அவர் ஒருநாளும் துணிந்ததில்லை.

ஒரு கோடையில், தேயிலை பயிரிடுவதற்காக மலையின் மேற்சரிவை எரித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சரிவையே நீலமாக்கும் குறிஞ்சிப் புதர்கள் சாம்பலாயின. தேன் எடுக்கப் போயிருந்த அம்மையாரின் கணவர் சின்னாண்டியும் அத்தீயில் மாண்டார். எலும்பு பொறுக்கச் சென்ற அம்மையார், பாறையிடுக்கில் விரல் நீளத்தில் தப்பி நின்ற குறிஞ்சிக் கன்று ஒன்றைக் கண்டார்.

“முருகா, ஒன் மலையில ஒனக்குன்னு ஒரு பூ மிச்சமில்லையே. இத நான் வளத்துத் தாறேன்” என்று அழுதபடி, வேர்மண்ணோடு பெயர்த்து வந்து குடிசைக் கொல்லையில் நட்டார்.

நந்தவனக் காவலர் பொன்னுரங்கம் சிரித்தார். “மல்லிய நட்டா மறுவருசம் பூக்கும். இது பூக்கறதுக்குள்ள நீ போய்ச் சேந்துருவ, மாடத்தி.”

“நான் போனா என்னங்க, செடி நிக்கும்ல.”

ஐந்தாம் ஆண்டு ஊருணி வற்றியது. வாந்திபேதி பரவி அவருடைய ஒரே மகள் செம்பியைக் கொண்டுபோயிற்று. “செடிக்கு ஊத்துன தண்ணிய புள்ள வாயில ஊத்தியிருக்கலாம்” என்று பிணம் எடுக்குமுன்பே பேசினார்கள். தாம் குடிக்க வேண்டிய நீரில்தான் அம்மையார் செடிக்குப் பங்கு வைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளைப் புதைத்துவிட்டு வந்து கொல்லையில் விழுந்து கிடந்தார். எழுந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

பத்தாம் ஆண்டு கண்ணில் புரை விழுந்து பார்வை போயிற்று. வேலையும் போயிற்று. அக்கம்பக்கத்தார் வார்க்கும் கஞ்சியில் உயிர் தரித்திருந்தார்.

பின்னொரு ஆவணிக் காலையில் கொல்லையெங்கும் தேனீக்களின் இரைச்சல். தடவிச் சென்ற அம்மையாரின் விரல்களில் பூங்கொத்துகள் தட்டுப்பட்டன. ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு தெருவோரம் நின்றார்.

“யாராச்சும் கையப் புடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்” என்று போவோர் வருவோரையெல்லாம் கெஞ்சினார். எவரும் நிற்கவில்லை. வெயில் ஏறியது. கால் ஓய்ந்து மண்ணில் அமர்ந்தார்.

அப்போது ஒருவன் அருகில் வந்தான். “ஆத்தா, நான் மேலதான் போறேன். குடு, சேத்துர்றேன்.”

அம்மையார் அவன் கையைத் தடவிப் பார்த்து, பூவை வைத்தார்.

உச்சிக்காலப் பூசைக்காகச் சன்னிதியின் பூட்டைத் திறந்த அர்ச்சகர் திகைத்து நின்றார். வேல் பிடித்த திருக்கரத்தில் நீலக் குறிஞ்சிக் கொத்து ஒன்று வாடாமல் இருந்தது. அந்தப் பூ ஊரில் யார் வீட்டில் உண்டென்று அவர் அறிவார். படிகளில் ஓடி இறங்கி வந்து, வழிப்போக்கன் ஒருவனிடம் பூவைக் கொடுத்தனுப்பியதாக அம்மையார் சொல்லக் கேட்டு, அவர் காலருகே விழுந்தார்.

“வந்தது முருகன்மா! பூவ வாங்கிட்டுப் போனது அவன்தான்! கண்ணக் கேட்டிருக்கக் கூடாதா?”

அம்மையார் மெல்லச் சொன்னார்:

“எனக்குக் கேக்கத் தோணல சாமி. அவன் உள்ளங்கையெல்லாம் காச்சுப்போய்க் கெடந்துச்சு. பாவம், அவனுக்கு என்ன பாடோன்னுதான் நெனச்சேன்.”

எல்லாம் இழந்தபின்னும் இறைவனுக்காக இரங்கிய மாடத்தியம்மையாரின் மண் படிந்த திருவடிகளுக்கு நம் வணக்கம்.