தூசி படாத சண்டைப் படம்

சாத்தூர் தங்கப்பழம் அண்ணாச்சி சுவர் அகலத்துக்கு டிவியும் ஆளுயர ஸ்பீக்கரும் வாங்கினார். தூசி படக்கூடாது என்று, கம்பெனி சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவே இல்லை. சண்டைப் படம் போட்டால் அடிப்பவன் யார், வாங்குபவன் யார் என்று தெரியவில்லை. குண்டு வெடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் வந்தது.

அந்தப் பட டிஸ்க்கை விற்ற மாரிக்கொழுந்தைக் கூப்பிட்டு விட்டார். அவள் கடை இருப்பது அவர் கட்டிடத்தில்.

"இன்னைக்குள்ள படம் பளிச்சுன்னு தெரியணும். இல்லைன்னா கடையைக் காலி பண்ணு. ஆனா என் டிவி மேல கை படக்கூடாது."

"சரி அண்ணாச்சி" என்றவள், புது டிஸ்க் ஒன்றை ஒட்டின கவரோடும் டப்பாவோடும் அப்படியே பிளேயருக்குள் திணிக்கப் போனாள்.

"ஏ கோட்டிக்காரி, கவரைப் பிரிக்காம போட்டா எப்படி ஓடும்?"

"பிரிச்சா தூசி படுமே அண்ணாச்சி."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து போய் டிவி கவரையும் ஸ்பீக்கர் கவரையும் கிழித்தார்.

மறுநாள் காலையில் அவரே கடைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"கடையை நீயே வச்சுக்கோ. நம்ம கதாநாயகன் தலையில இருக்கிறது டோப்பான்னு தெரிஞ்சுபோச்சு. அந்தக் கவரை மறுபடி ஒட்ட முடியுமா?"