ஹாட்ச்பாட்ச் மகாராஜா

மிளகு வாங்க வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயர் வேண்டாம். எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நேரம் வீணாகக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் சபையில் எல்லாக் காரியங்களையும் ஒரே வேளையில் நடத்துவார். ஒரு பக்கம் வழக்கு விசாரணை, மறுபக்கம் கச்சேரி, நடுவில் மல்யுத்தம், சிம்மாசனத்தில் சவரம். யாருக்குச் சொன்ன தீர்ப்பு என்று புரியாமல் ஒருமுறை மல்லன் ஒருவன் சிறைக்குப் போய்விட்டான். நல்ல மனிதன், மறுபேச்சுப் பேசவில்லை.

இந்தச் சபைக்கு ஒருநாள் வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று சுற்றிப் பார்த்தார். “ஹாட்ச்பாட்ச்!” என்று சொல்லிச் சிரித்தார்.

“துரை என்ன சொல்கிறார்?” என்று ராஜா கேட்டார்.

மொழிபெயர்க்கும் துபாஷி அருணகிரிக்கு மிளகு விலை பேசும் அளவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவரிடம் அடியோடு கிடையாது.

“சகலமும் ஒருங்கே நிறைந்தவர் என்று தங்களைப் புகழ்கிறார், மகாராஜா!”

ராஜா உருகிவிட்டார். மறுநாள் அவர் சபைக்குள் நுழைந்தபோது கட்டியக்காரன் முழங்கினான்: “ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, ஹாட்ச்பாட்ச் மகாராஜா பராக்! பராக்!”

விகடகவி மாசிலாமணிக்குச் சிரிப்பு பீறிட்டது. கப்பல் சமையல்காரன் ஒருவனோடு அவனுக்குச் சிநேகம்; அந்தச் சொல்லின் பொருளை அவனிடம் கேட்டு வைத்திருந்தான். மிஞ்சியதையெல்லாம் ஒரே பானையில் கொட்டிக் கிண்டினால் அதுதான் ஹாட்ச்பாட்ச். பெட்டியில் துணி தாறுமாறாகக் கிடந்தாலும், ஒருவர் முன்பின் தொடர்பில்லாமல் பேசினாலும் வெள்ளைக்காரர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

“என் பட்டத்தைக் கேட்டா சிரிக்கிறாய்?” ராஜாவின் மீசை துடித்தது.

பொருளைச் சொன்னால் ராஜாவை அவமதித்த குற்றம். சொல்லாவிட்டால் சிரித்த குற்றம். மாசிலாமணி சட்டென்று கும்பிட்டான். “ஆனந்தச் சிரிப்பு, மகாராஜா!” என்றான்.

ராஜா அவனிடம் காட்டும் பிரியம் அருணகிரிக்கு நெடுநாளாகவே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. “அப்படியானால் நாளை துரைக்கு நடக்கும் விருந்தை இவனே சமைக்கட்டும், மகாராஜா. தங்கள் புதிய பட்டத்துக்கு ஏற்ற விருந்தாக இருக்க வேண்டும். தவறினால் நாடு கடத்திவிடலாம்” என்றார். மாசிலாமணிக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது என்பது ஊரறிந்த சங்கதி.

மறுநாள் சபையிலேயே இலை போட்டாயிற்று. வந்தது ஒரே ஓர் அண்டா. அரண்மனைச் சமையலறையில் இருந்ததையெல்லாம் மாசிலாமணி அதற்குள் கொட்டியிருந்தான்: பாயசம், கருவாட்டுக் குழம்பு, ரசம், லட்டு, பலாச்சுளை, ஊறுகாய், மேலே வெற்றிலை.

“என்னடா இது?” என்று ராஜா கர்ஜித்தார்.

“பட்டத்துக்கு ஏற்ற விருந்து, மகாராஜா. சகலமும் ஒருங்கே நிறைந்திருக்கிறது. துபாஷி சொன்ன பொருளில் ஒன்றும் குறையவில்லை.”

அந்நிய விருந்தாளி வந்தால் துபாஷிதான் முதல் கவளம் உண்டு, சுவையை விளக்க வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். நன்றாக இல்லை என்றால் தாம் சொன்ன பொருளே கவிழ்ந்துவிடும். அருணகிரி கண்ணை மூடி விழுங்கினார். கண்ணீர் வழிந்தது.

“அமிர்தம்!” என்றார்.

அவர் சொன்ன பிறகு மந்திரிகள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கவளம் வாயில் போட்டு, ஆளுக்கொரு அமிர்தம் சொன்னார்கள்.

துரை அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்து கைதட்டி, “ஹாட்ச்பாட்ச்!” என்று கூவினார்.

ராஜா அண்டாவைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். மல்லர்கள் பாதிப் பிடியில், பாடகர் பாதிப் பாட்டில், வழக்காளி பாதி அழுகையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அன்றைக்கு அவர் இதையா சொன்னார்? என்னையா?” அவர் கை வாளுக்குப் போயிற்று.

“தங்களை இல்லை, மகாராஜா” என்றான் மாசிலாமணி. “உள்ளே கலந்து கிடந்தவர்கள் நாங்கள். தாங்கள் எங்களையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த அண்டா.”

இது புகழ்ச்சியா இல்லையா என்று ராஜா சற்று யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நாவிதர் அவசரமாகக் கத்தியை விலக்கிக்கொண்டார்.

பட்டம் அன்றே துபாஷிக்கு மாறியது. மிஞ்சிய அண்டாவும் அவர் வீட்டுக்கே போயிற்று.

“உனக்கு என்னடா வேண்டும்?” என்று கேட்டபடியே ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார்.

“பயத்தில் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, மகாராஜா. ஓர் இலைச் சாப்பாடு போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தனித்தனியாக.”

ராஜா மறுபடியும் சிரித்தார். சாப்பாடு வந்தது. ரசத்துக்குள் லட்டு இல்லை என்று கிளறிப் பார்த்துவிட்டுத்தான் மாசிலாமணி வாயில் வைத்தான்.