வேலிக்கு வெளியே போன அரளி

அந்தக் காலத்தில், செடிக்கும் ஆட்டுக்கும் வாய் இருந்தபோது, உலகையா தன் மகளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஐப்பசிக் காலையில். முற்றத்து அரளியின் நிழலில், கிழிந்த சாக்கின் மேல் உட்கார்ந்து மண்ணை அள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் வெயிலாள். தவழ்வாள். பேச்சு இன்னும் வரவில்லை.

"வயல்ல களை கிடக்கு தாயி. பிள்ளையப் பாத்துக்கோ" என்று அரளியிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்படி விட்டுப் போவது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம்தான்.

அந்த அரளியை நட்டவள் அவர் மனைவி ஆவுடை. பிள்ளையைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். அவள் வளர்த்ததென்று வீட்டில் மிஞ்சியது அந்தச் செடியும் ஓர் ஆடும்தான்.

அரளி இலை அந்த நாளில் கசக்காது. துளிர் வரவர ஆடு மேய்ந்துவிடும்.

"கொஞ்சம் விட்டு வையேன். ஆவுடை வச்ச செடி, பூக்காமலே போயிருவேன்" என்றது அரளி.

"பூத்து என்ன மதினி, மாப்பிள்ளையா பாக்க வரப்போறான்?" என்று ஆடு மென்றபடியே கேட்டது.

மொட்டைக் குச்சியாக நின்ற ஒரு நாள், அரளி தன் வேரடியில் குடியிருந்த நாகத்திடம் கொஞ்சம் விஷம் கேட்டது.

நாகம் யோசித்தது. "குடுத்தா திருப்பி வாங்க முடியாது. யார் கடிச்சாலும் ஒண்ணுதான்."

"எல்லார்கிட்டயும் சொல்லிருதேன்."

நாகம் விஷம் கொடுத்தது. அரளி சொல்லவும் செய்தது. ஆட்டிடம் சொன்னது, கோழியிடம் சொன்னது, வேலிக்கு மேல் எட்டிப் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியிடமும் சொன்னது.

"உன் இலை இல்லாட்டி எனக்கு வயிறு நிறையாதாக்கும்!" என்று ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உலகையா, "நல்லதாப் போச்சு தாயி, இனிப் பூப்பே" என்றார். அந்த வருஷம் கிளை கொள்ளாமல் பூத்தது. சொன்னால் போதும் என்று அரளி நினைத்தது, அவரும் நினைத்தார். சொல்லிப் புரியாத ஓர் உயிர் அந்த வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தது.

அந்த ஐப்பசிக் காலையில் வெயிலாள் தாழ்ந்த கிளையைப் பிடித்து எழுந்தாள். அவள் முதன்முதலாக நின்றது அன்றுதான். ஓர் இலையைக் கிள்ளி வாயில் வைத்தாள்.

"வேண்டாம் கண்ணு! துப்பு, துப்பு!" என்று அரளி கத்தியது.

தினமும் தன்னோடு விளையாடுகிற குரல். குழந்தை சிரித்தாள். அரளி கத்தக் கத்த, கிளையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். இன்னோர் இலையையும் மென்றாள். ஆடு கயிற்றை அறுத்துக்கொள்ளத் திமிறியது. "உலகையா! ஓடி வாரும்!"

அவர் வந்தபோது சாக்கின் மேல் கிடந்தாள். வாயோரத்தில் பச்சை இருந்தது.

பிள்ளையைப் புதைத்த மண்வெட்டியோடு அவர் முற்றத்துக்கு வந்தார்.

"வெட்டிப் போடும் ஐயா" என்றது அரளி.

"ஆவுடை வச்சது" என்றார். வேரோடு பெயர்த்துக்கொண்டுபோய், பிள்ளைகள் தவழ்ந்து வராத இடமாகப் பார்த்து, வேலிக்கு வெளியே நட்டுத் தண்ணீர் ஊற்றினார். அரளி அதற்குப் பிறகு பேசவில்லை. மற்றச் செடிகளும் ஆடு மாடுகளும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

முற்றத்தில் அரளி நின்ற குழி அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டு முப்பிடாதி ஒரு கற்பூரவல்லித் தண்டு கொண்டுவந்தாள்.

"பிள்ளை கடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"சளி முறியும். அண்ணே, இனி இந்த வீட்டுல எந்தப் பிள்ளை..."

"உன் பிள்ளைக வருமே" என்று சொல்லி, அவர் தண்டை வாங்கி நட்டார்.

அன்று முதல்தான் எந்தச் செடியையும் வீட்டுக்குள் கொண்டுவருமுன் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். அரளி வேலியோரத்தில் நிற்கிறது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. வருஷம் முழுவதும் பூக்கிறது.