கோரைப்பல்லில் ஒரு வெள்ளைத் திட்டு

கேட்காத கடனும் பாராத பயிரும் பாழ் என்பார்கள். என் பெரியப்பா அதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். "தட்டாத" என்று தொடங்கும். தட்டாத கதவா, தட்டாத பாத்திரமா, இப்போது நினைவில்லை. அதுவும் பாழ் என்றே முடியும்.

சவுந்தரபாண்டியைக் கேட்டிருந்தால் அந்த மூன்றாவதை அவரே சொல்லியிருப்பார். ரயில்வே பாலங்களைச் சோதிக்கும் வேலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவர். கையில் ஒரு சின்னச் சுத்தியல். பாலத்தின் ஒவ்வொரு ஆணியையும் தட்டிக்கொண்டே போவார். இறுகிய ஆணி ஒரு மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது வேறு மாதிரி. ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் தியானக் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

குடிலை நடத்துகிறவர் மெய்யம்மை. சவுந்தரபாண்டியைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் மெய்யம்மையை "அம்மா" என்பார். மெய்யம்மை அவரை "ஐயா" என்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை, மெய்யம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது, சவுந்தரபாண்டி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, சனிக்கிழமை திருப்பூர் போறேன். மகளைப் பாக்க."

"போயிட்டு வாங்க."

"பாக்குறதுக்கு மட்டும் இல்ல. ஒண்ணு கேக்கணும்."

மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தார்.

மகள் இந்துமதி தன் விருப்பப்படி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவள். இவர் போகவில்லை. எனக்கு மகளே இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் விட்டார். ஏழு வருடம் பேச்சில்லை. இந்தப் பொங்கலுக்கு அவளாகவே போன் செய்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு அழைக்கிறாள். இதெல்லாம் மெய்யம்மைக்குத் தெரியும்.

"நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு?"

"எங்கம்மா? மொதல்ல நாப்பது நிமிஷம் பேசினா. அப்புறம் இருபது. போன வாரம் நாலே நிமிஷம். போன்லயே காட்டுது."

"நீங்க என்ன பேசினீங்க?"

"கேட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குக் கூப்பிடுறே, உன் புருஷன் சொல்லிக் கூப்பிடுறியா, மனசாரத்தான் பேசுறியான்னு கேட்டேன்."

"ஒரு தடவையா?"

"வாரா வாரம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அவ சரியா பதில் சொல்ல மாட்டேங்கிறா. அதான் நேர்லயே போயிடலாம்னு. என்னை மன்னிச்சாளா இல்லையா, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். தட்டாம விட்ட ஆணியாலதாம்மா பாலம் விழும்."

அவர் பேசும்போது நாக்கு மேலுதட்டுக்கு உள்ளே போய்ப் போய் வருவதை மெய்யம்மை கவனித்தார்.

"வாயில என்னங்கய்யா?"

"அது ஒண்ணுமில்ல. பல்லு."

"காட்டுங்க."

மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். இடப்பக்கக் கோரைப்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு.

"சொத்தை விழப்போகுதுன்னு நினைக்கிறேன். தினம் காலையில ஊக்கால குத்திப் பாக்குறேன். இன்னும் உள்ள இறங்கல."

மெய்யம்மை அவரைக்காய்த் தட்டை ஓரமாக வைத்தார்.

"சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. ஒன்பதரை பஸ்ஸைப் பிடிக்கலாம்."

"என் கேள்விக்கு..."

"பஸ் போயிடும்."

திண்டுக்கல்லில் பல் டாக்டர் ரெஜினாவின் கிளினிக். நாற்காலியில் சாய்ந்ததும் சவுந்தரபாண்டிக்குக் கை வியர்த்தது. ஆற்றுக்கு மேல் அறுபதடி உயரத்தில் நின்று சுத்தியல் பிடித்த கை. பக்கத்து அறையில் யாருக்கோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை ஓட்டை போடுவீங்க, டாக்டர்?"

"வாயைத் தொறங்க பெரியவரே. ஓட்டை போடுறதா வேண்டாமான்னு பல்லு சொல்லட்டும்."

டாக்டர் ஒரு குழாயால் பல்லின் மேல் காற்றடித்து ஈரத்தை உலர்த்தினார். விளக்கைத் திருப்பிப் பார்த்தார். கன்னத்தை விலக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வாயில என்ன அடக்கி வைப்பீங்க?"

"பெப்பர்மிண்ட். பீடியை விட்டதுலேர்ந்து."

"ஒரு நாளைக்கு?"

"எட்டு... பத்து."

"பீடிக்குப் பதிலா பல்லை ஊதித் தள்ளியிருக்கீங்க. சரி, பயப்படாதீங்க. ஓட்டை விழல. இன்னும் விழல. மெஷின் வேண்டாம்."

சவுந்தரபாண்டி விட்ட மூச்சில் டாக்டரின் முகக்கவசம் அசைந்தது.

"எனக்கும் தெரியும் டாக்டர். இன்னைக்குக் காலையில கூட குத்திப் பாத்தேன்."

"எதால?"

"ஊக்கு."

"சட்டைக்குக் குத்துற ஊக்கா?"

"டெட்டால்ல கழுவிட்டுத்தான்."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு மெய்யம்மையைத் திரும்பிப் பார்த்தார். "இவரை எங்கேர்ந்தும்மா கூட்டிட்டு வந்தீங்க?" பிறகு அவரிடம், "பல்லுக்கு மேல் ஓடு ஒண்ணு இருக்கு. எனாமல். இனிப்பு வாயில ஊறும்போது கிருமி அதைத் தின்னு அமிலமாக்கும். அமிலம் அந்த ஓட்டுலேர்ந்து சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் உருவிக்கிட்டுப் போயிடும். உங்க பல்லு அந்த நிலைமையில இருக்கு. உள்ள பொருபொருன்னு போயிருச்சு. ஆனா மேல மெல்லிசா ஒரு தோல் இன்னும் நிக்குது. அதைப் போய் ஊக்கால குத்துறீங்க."

"குத்தாம குழி இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"குத்தினா கட்டாயம் தெரியும். ஏன்னா அப்பத்தான் குழி விழும்." டாக்டர் சிரித்தார். "உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நாங்க படிக்கிறப்ப கூர்க்கம்பி ஒண்ணைக் கையில கொடுத்து, குத்திப் பாருன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. எத்தனை பல்லை அப்படிக் கெடுத்தேனோ. இப்ப ஈரத்தை உலர்த்திக் கண்ணால பாக்குறதோட சரி."

"அப்ப இதுக்கு மருந்து?"

"பேஸ்ட்."

"பேஸ்ட்டா?"

"ஃப்ளோரைடு போட்ட பேஸ்ட். காலையில ஒரு தரம், படுக்கப் போறப்ப ஒரு தரம். பட்டாணி அளவு போதும். இப்ப எதுல தேய்க்கிறீங்க?"

சவுந்தரபாண்டி மெய்யம்மையைப் பார்த்தார். "குடில் பொடி. அம்மா இடிச்சது."

"நான் இடிச்சதுதான்," என்றார் மெய்யம்மை. "அதுல டாக்டர் சொல்ற சங்கதி இல்ல. போறப்ப பேஸ்ட் வாங்கிடுவோம்."

"தேய்ச்சிட்டு நுரையைத் துப்பிடுங்க. தண்ணி விட்டுக் கொப்பளிக்காதீங்க."

"கொப்பளிக்காமயா? எங்க வீட்ல ஏழு தரம் கொப்பளிப்போம்."

"ஏழு தரம் கொப்பளிச்சு மருந்தையெல்லாம் சாக்கடைக்கு ஊத்திட்டு, பல்லு போச்சுன்னு எங்கிட்ட வாங்க. துப்புங்க. விட்ருங்க. வாயில அது கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அதுவரை சும்மா இருந்த மெய்யம்மை கேட்டார். "டாக்டர், பேஸ்ட்தான் பல்லை இறுக்குதா?"

"இல்லம்மா. போன சத்து எச்சில்லயே இருக்கு. அதுதான் கொஞ்சங் கொஞ்சமா திரும்பப் போய் ஒட்டும். ஃப்ளோரைடு அதுக்கு ஒத்தாசை. ஒட்டின இடம் முன்னைவிடக் கெட்டியா இருக்கும், அமிலத்தைத் தாங்கும்."

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. பளபளப்பு வந்திருந்தா இறுகிருச்சுன்னு அர்த்தம். வெள்ளை கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், அதைப் பத்திக் கவலையில்ல."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்றார் சவுந்தரபாண்டி.

"பல்லு தேய்ங்க. பெப்பர்மிண்டை விடுங்க. ஊக்கை இங்க கொடுத்துட்டுப் போங்க."

சட்டைப்பைக்குள் கைவிட்டு அவர் ஊக்கை எடுத்துக் கொடுத்தபோது டாக்டருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். சவுந்தரபாண்டியின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வழியில் மருந்துக் கடையில் பேஸ்ட் வாங்கினார். டீக்கடையில் நின்று, தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, மெய்யம்மைக்கு ஒன்று என்று சொன்னார்.

"மெஷின் இல்லாமத் தப்பிச்சேன், அம்மா. வாரக் கணக்கா தூக்கமில்ல எனக்கு."

"ம்."

"சரி, பல்லு கதை முடிஞ்சுது. என் கேள்வி அப்படியே நிக்குதே. சனிக்கிழமை போய் இந்துமதிகிட்ட கேக்கட்டுமா, வேண்டாமா?"

மெய்யம்மை டீயை ஆற்றினார்.

"போன வாரம் நாலு நிமிஷம் பேசினான்னு சொன்னீங்களே. என்ன பேசினா?"

"அது என்ன பெரிய பேச்சு. மாடியில முருங்கை வச்சிருக்காளாம். பாப்பாவுக்கு மொதப் பல்லு விழுந்துச்சாம். இப்படி ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா. அதெல்லாம் இருக்கட்டும், மனசுல என்ன இருக்கு, அதைச் சொல்லுன்னேன். அடுப்புல பால் இருக்குன்னு வச்சிட்டா."

மெய்யம்மை டீயைக் குடித்து முடித்தார்.

"கேக்கவும் கூடாதுன்னா, அவ மன்னிச்சாளா இல்லையான்னு எனக்கு எப்படித்தாம்மா தெரியும்?"

மெய்யம்மை காலி டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"பாப்பாவுக்கு விழுந்தது மேல்பல்லா, கீழ்ப்பல்லாங்கய்யா?"

சவுந்தரபாண்டி வாய் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை.

பேருந்து வந்தது.

சனிக்கிழமை அவர் திருப்பூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி தாண்டியது. பத்து ஐந்து. பத்து பத்து. போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். பத்தேகாலுக்கு அடித்தது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?" மகளின் குரலில் உற்சாகம் இல்லை. கேள்வி வரப்போகிறது என்று காத்திருக்கும் குரல்.

"சாப்பிட்டேன்மா. பாப்பாவுக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு? மேலயா, கீழயா?"

"கீழ. முன்பல்லு." பிறகு அவளே தொடர்ந்தாள். "அதை ஏன் கேக்குறீங்க. இட்லியோட சேத்து முழுங்கிட்டாப்பா. வயித்துக்குள்ள பல்லு மொளைக்கும்னு எவனோ பள்ளிக்கூடத்துல சொல்லிட்டான். ராத்திரியெல்லாம் அழுகை. அவர்தான் ஒரு சோளமுத்தை எடுத்து, இந்தா கிடைச்சிருச்சு பாருன்னு காட்டி..."

அவள் சிரித்தாள். ஏழு வருடமாக அவர் கேட்காத சிரிப்பு. அவரும் சிரித்தார். பல்லிலிருந்து பேச்சு பள்ளிக்கூடத்துக்குப் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து முருங்கைக்கு, முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சிக்கு.

"அப்பா, நீங்க இருக்கிற எடத்துல குரங்கெல்லாம் வருமாமே. பாப்பா பாக்கணுங்கிறா. மே மாசம் லீவு விட்டதும் நாங்க வரட்டுமா?"

மனசாரத்தான் வர்றியா என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது.

அவர் அதைக் கேட்கவில்லை. "மூணு பேரும் வாங்க," என்றார்.