சங்கு ஊதிய வாட்ச்மேன்

இந்தக் கூத்தைக் கேளுங்கள். நூல் மில்லை இழுத்து மூடிய முதலாளி தில்லைநாயகம் எலெக்ஷனில் நின்றார். அந்த மில் வாசலுக்கு எதிரிலேயே மேடை போட்டு, "போன வேலையெல்லாம் ஊருக்கே திரும்பக் கொண்டு வருவேன்!" என்று முழங்கினார். கேட்க ஆளில்லை. டி.வி.காரர்கள் காலி நாற்காலிகளைப் படம் பிடித்தார்கள்.

மானம் போகிறதே என்று மில் வாட்ச்மேன் ஆவுடையப்பன் மேல் பாய்ந்தார். "நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கூட்டம் நிறையணும். இல்லேன்னா உன் வேலையும் போச்சுலே!"

"மில் சங்கை ஊதட்டுமா மொதலாளி?"

"எதையாவது ஊது. ஆள் வந்தாச் சரி!"

ஊதினான். அந்தச் சங்குக்கே எழுந்து, அந்தச் சங்குக்கே சாப்பிட்டுப் பழகிய ஊர், அடுப்பை அணைத்துவிட்டுத் தூக்குவாளியோடு ஓடி வந்தது. மேடைப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. நேரே மில் கேட் முன்னால் ஷிப்டு வரிசையில் நின்றார்கள். கேமராக்களும் அங்கே திரும்பின.

"வீட்டுக்குப் போகச் சொல்லி இன்னொரு சங்கு ஊதுலே!" என்று பல்லைக் கடித்தார் தில்லைநாயகம்.

"அதை ஷிப்டு முடிஞ்ச பிறகுதானே மொதலாளி ஊதுவோம்?" என்று பணிவாகச் சாவியை நீட்டினான் ஆவுடையப்பன்.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. தில்லைநாயகம் சிரித்த முகமாகப் பூட்டைத் திறந்தார். ஓட்டு விழும் முன்னாலேயே நிறைவேறிய வாக்குறுதி, அந்த ஊரில் அது ஒன்றுதான்.