வீரசிங்கத்தின் புதுக் குழல்

வீரசிங்கத்துக்குப் பெயரில்தான் சிங்கம். ஆள் பரம சாது. கனடாவின் வடக்கே, ஓர் ஏரியோரச் சிற்றூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்குமேல் வேட்டை ஆசை பிடித்து, கடையில் இருந்ததிலேயே மலிவான துவக்கு ஒன்றை வாங்கினார்.

அங்கே வேட்டைக்குப் போவதென்றால் முதலில் வகுப்புக்குப் போயாக வேண்டும். வகுப்பு எடுத்தவள் ரஞ்சிதமலர். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் அன்றிலிருந்து அவருக்கு அவள் ரீச்சர்தான்.

ரீச்சரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு மானைச் சுட்டு வீழ்த்த அவள் இரண்டாவது ரவை செலவழித்ததை யாரும் கண்டதில்லையாம். அவளுடைய துவக்கோ தொட்டுப் பார்க்கவே கை கூசும் விலை. இதையெல்லாம் மற்றவர்களிடம் சொல்லும்போது வீரசிங்கத்தின் நெஞ்சு, ஏதோ அவரே சுட்டதுபோல நிமிரும்.

இலை உதிரத் தொடங்கிய நாளொன்றில், துவக்கை உறையோடு தூக்கிக்கொண்டு, அவள் துவக்குத் திருத்தும் வீட்டுக் கராஜுக்கு வந்தார்.

"ரீச்சர், இதுக்கு வேற குழல் போட்டுத் தரோணும்."

"ஏன் அண்ணை?"

அவர் கையுறையைக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார்.

"போன வருசம் ஒரு மானைச் சுட்டனான். நெஞ்சுக்குத்தான் குறி வைச்சனான், பின்னங்காலில பட்டுட்டுது. சதுப்புக்குள்ள ஓடினது. அண்டைக்கும் தேடினன், அடுத்த நாளும் தேடினன். கிடைக்கேல்லை. இப்பவும் பஸ் ஓடேக்க றோட்டுக் கரையில மான் நிண்டால், அதின்ர காலைத்தான் பாக்கிறன். இன்னொருக்கா அப்பிடி நடந்தால் பிறகு துவக்கைத் தொடமாட்டன், ரீச்சர்."

'பிழை குழலில் இல்லை, உங்கள் கையில்' என்று அவள் சொல்லப் போகிறாள் என எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். குருமார் வழக்கமாக அப்படித்தானே சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. துவக்கைத் திறந்து உள்ளே வெறுமைதானா என்று பார்த்தாள். கண்ணை நம்பாமல் விரலை விட்டும் பார்த்தாள். பிறகு அவரைச் சுடுதிடலுக்குக் கூட்டிப்போய், மணல் மூட்டைமேல் துவக்கை வைத்துத் தானே மூன்று தரம் சுட்டாள்.

அட்டையில் விழுந்த மூன்று ஓட்டைகளும், காணிச் சண்டை பிடித்த சகோதரர்கள்போல ஆளுக்கொரு மூலையில் நின்றன.

"உங்கட பிழையில்லை அண்ணை. என்ர கையிலயும் சிதறுது."

"மெய்யாவோ?"

"மற்றதெல்லாம் நல்ல துவக்கு. விசையை அழுத்திப் பாருங்கோ, என்ன மெதுவா விடுது! மலிவாச் செய்தாலும் மனசு வைச்சுச் செய்திருக்கிறாங்கள். குழல்தான் சரியில்லை."

வீரசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த மனிதர் அல்லவா.

புதுக் குழல் வந்ததும் இருவரும் வேலையில் இறங்கினார்கள். பழைய குழலைப் பிடித்திருந்த நட் அசையவில்லை. அவள் எண்ணெய் விட்டாள்.

"சுத்தியல் எடுக்கட்டோ ரீச்சர்?"

"கேத்தில்ல தண்ணி வையுங்கோ."

தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுத் திருகினாள். சத்தமில்லாமல் கழன்றது.

புதுக் குழலைப் பூட்டியபின், தோட்டா வடிவில் இருந்த இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்தாள். முதல் துண்டை உள்ளே வைத்து, துவக்கின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தள்ளினாள். மூடியது. அதை எடுத்துவிட்டு, சற்றே நீளமான இரண்டாவதை வைத்தாள். மூடவில்லை.

"ஐயோ, மூடேல்லையே!"

"மூடக்கூடாது அண்ணை. இதுக்கும் மூடினால், உள்ளுக்க இடம் கூடிப்போச்செண்டு அர்த்தம். வெடி உங்கட முகத்துப் பக்கம் வரும்."

குழலை மயிரிழை மயிரிழையாகத் திருகிப் பார்த்து, ஒன்று மூடுவதையும் மற்றது மூடாததையும் திரும்பத் திரும்பச் சோதித்தாள். அவசரம் என்பதே அந்தக் கைகளுக்குத் தெரியாது. பூசைநேரத்தில் ஐயருடைய கைகளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருத்தியிடம் படிக்கக் கிடைத்ததே தன் அதிர்ஷ்டம் என்று அவருக்குத் தோன்றியது.

திரும்பவும் சுடுதிடல். இம்முறை அவர் சுட்டார். அட்டையை எடுக்கப் போனவர் அங்கிருந்தே கூவினார். மூன்று ஓட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாணயத்தால் மூடிவிடலாம்.

அட்டையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஓடி வந்தார்.

"ரீச்சர், போன வருசம் அந்த மான் இருநூறு யார் தூரத்தில நிண்டது. இனி முந்நூறிலயும் அடிக்கலாம் போல கிடக்கு! நானூறும் சரிவரும், என்ன?"

அவள் அட்டையை வாங்கி, ஆசையோடு பார்த்தாள்.

"நல்ல வடிவாச் சுட்டிருக்கிறியள். நான் எவ்வளவு தூரத்தில நிண்டு சுடுறனான் எண்டு தெரியுமோ அண்ணை?"

"உங்கட துவக்குக்கு... ஐந்நூறு?"

"மான் கண்ணிமை வெட்டுறது எனக்குத் தெரியோணும். அந்தத் தூரம்."

வீரசிங்கம் திகைத்துப்போனார்.

"அவ்வளவு கிட்டப் போக விடுமோ?"

"விடாட்டில் திரும்பி வந்திடுவன். கன வருசம் வெறுங்கையோடதான் வந்திருக்கிறன்."

"ஊரில ஒருத்தரும் அதைச் சொல்லேல்லையே!"

"ஊர் ரவையைத்தானே எண்ணுது."

அவர் கையிலிருந்த துவக்கைப் பார்த்தார், தூரத்தில் இருந்த இலக்குப் பலகையைப் பார்த்தார். கொண்டாட்டமெல்லாம் இறங்கி, குரலில் மனத்தாங்கல் வந்துவிட்டது.

"கிட்டத்தான் போகோணுமெண்டால், இவ்வளவு பாடுபட்டு இந்தக் குழலை என்னத்துக்கு ரீச்சர் மாத்தினனாங்கள்?"

"நான் தூரத்துக்கெண்டில்லை, மானுக்கெண்டு நினைச்செல்லோ மாத்தினனான், அண்ணை."