கருவேணிக் காட்டுக்கு முரசறைந்த கதை

முன்னொரு காலத்தில் மருதங்கோடு நாட்டைச் சித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் அவனுக்கு ஒன்று தோன்றும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது உத்தரவாகிவிடும். சாயங்காலம் அவனுக்கே மறந்துபோகும். நடுவில் கிடந்து அல்லாடுவது குடிகள்.

அந்த நாட்டில் கருவேணி என்று ஓர் ஆறு. அது ஓடிவரும் காட்டை ராஜாவின் பாட்டனார் காப்புக்காடாக்கி, அங்கே மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார். மழைக்காலத்தில் மீன்கள் எதிரேறிப் போய் அந்தக் காட்டு மடுக்களில்தான் முட்டையிடும். அந்த நாட்களில் கரையோரச் செம்படவர்கள் வலையைத் தொடமாட்டார்கள். அவர்கள் பிழைப்பே அந்தக் காட்டை நம்பி இருந்தது.

இப்படி இருக்கையில் ராஜாவுக்குப் படகு விளையாட்டில் மோகம் பிறந்தது. அரண்மனை அலங்கார அதிகாரி மகுடேசருக்கு அது போதாதா? அமைச்சர் இளநாகர்மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். இளநாகரிடம் ராஜா யோசனை கேட்ட நாளெல்லாம் இவருக்குச் சோறு இறங்காது. சமயம் பார்த்து எழுந்தார்.

"மகாராஜா! காட்டுக்குள்ளே கருவேணியை மறித்து ஒரு தடாகம், நடுவே ஒரு மண்டபம், சுற்றிலும் விருந்து மாளிகைகள்! தேவலோகமே பொறாமைப்படும்."

"ஆற்றை மறித்தால் மீன் ஏறாது, மகாராஜா. கரையிலிருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள்" என்றார் இளநாகர்.

"அமைச்சருக்கு மகாராஜாவின் சந்தோஷத்தைவிடக் கெண்டை மீனின் சந்தோஷம் பெரிது!"

சபை சிரித்தது. சிரிக்கத்தானே சம்பளம்.

ஆனால் ஒரு தடை இருந்தது. பொது இடம் எதிலும், ஒருவர் குடியிருக்கும் வீட்டிலும்கூட, ராஜ்யம் கைவைப்பதென்றால் முதலில் முரசறைந்து ஜனங்களைக் கேட்க வேண்டும். கேட்ட இடத்தில் எவரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள்" என்றார் மகுடேசர்.

விட்டார்கள். ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடங்கள் நின்றுபோன நாளாகப் பார்த்து, அரண்மனை மடைப்பள்ளி முற்றத்தில் முரசை அறைந்தார் மனுஷர். வந்து நின்றவர்கள் சமையற்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும்தான்.

"மண்டபத்துக்குப் பொன் கலசமா, வெள்ளிக் கலசமா?"

"எந்த மண்டபம், ஐயா?" என்றார் ஒரு சமையற்காரர்.

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்!"

எவன் வீட்டுப் பொன்னோ, சொல்வதற்கு என்ன? எல்லாரும் பொன் என்றார்கள். மகுடேசர் சபைக்கு ஓடிவந்தார். "ஜனங்கள் பொன் கலசம்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், மகாராஜா! மண்டபமே வேண்டாம் என்று ஒரு குரல்கூட எழவில்லை."

ராஜாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டான்.

செய்தி காதில் விழுந்ததும் வெள்ளச்சி என்ற செம்படவப் பெண் ஆற்றை நீந்திக் கடந்து, ஈரப் புடவையோடு சபையில் வந்து நின்றாள். "எங்கள ஒருத்தரும் கேக்கலயே சாமி! மீன் ஏறலன்னா நாங்க எதத் தின்னுறது?"

"முரசறைந்தோம். உங்கள் காதில் விழாதது உங்கள் குற்றம்" என்றார் மகுடேசர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"முறைப்படி சரிதான்" என்றார் இளநாகர். வெள்ளச்சிக்கு முகம் செத்துப்போயிற்று. "மகாராஜா, நமது யானைக் கொட்டாரம் மழையில் ஒழுகுகிறது. அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். இதே முறையில் நானும் ஜனங்களைக் கேட்கலாமா?"

"இதே முறையில்தான் கேட்க வேண்டும்! இம்மியும் பிசகக் கூடாது!" என்று முந்திக்கொண்டு சொன்னார் மகுடேசர். ராஜாவும் தலையசைத்தான்.

மறுநாள் தடாக யோசனைக்குப் பரிசாக ராஜா கையால் பட்டு வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார் மகுடேசர். அவர் வீட்டு வேலையாள் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"எசமான்! வீட்டுக்குள்ள யானைங்க! பூசை அறையில ஒண்ணு, கூடத்துல ரெண்டு! உங்க கட்டில் போச்சு!"

"ஐயோ! யார் கொடுத்த உத்தரவு?"

"ஜனங்கள் சம்மதம்" என்றார் இளநாகர். "மகுடேசர் மடைப்பள்ளி முற்றத்தில் முரசறைந்தார். நாங்கள் யானைமேல் ஏறி ஆற்றைக் கடந்து, காட்டுக்குள்ளே மடுக்கரையில் முரசறைந்தோம். யானைகள் மகுடேசர் மாளிகைக்கு முன்வாசல் வழியாகப் போகலாமா, பின்வாசல் வழியாகவா என்று கேட்டோம். முன்வாசல்தான் அகலம் என்று வெள்ளச்சி முதல் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். யானையே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை."

"அவர்களுக்கென்ன நஷ்டம்? குடியிருப்பவன் நானல்லவா! என்னை அல்லவா கேட்டிருக்க வேண்டும்! வேண்டுமா வேண்டாமா என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மடைப்பள்ளி முற்றத்தை நாட்டு ஜனம் என்று நம்பிய முட்டாள் யார் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. முத்து மாலையைக் கழற்றி இளநாகர் கழுத்தில் போட்டான். பட்டைத் திரும்பப் பிடுங்கினான். கொட்டாரம் சீராகும்வரை யானைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், சாணம் அள்ளுவது மகுடேசர் பொறுப்பு என்று உத்தரவிட்டான்.

வெள்ளம் வடிந்ததும் ராஜாவே கருவேணிக் கரைக்குப் போய் முரசறைந்து, "தடாகமும் மண்டபமும் வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்!" என்றது கரை முழுவதும்.

வந்த வேலை முடிந்ததென்று ராஜா பல்லக்கை நோக்கித் திரும்பினான். ஆனால் பேச்சு நிற்கவில்லை. மீன் ஏறும் காலத்தில் வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் விடாதே என்றார்கள். தேனெடுப்பவர்கள் தீப்பந்தத்தை அணைக்காமல் போட்டுவிட்டு வருவதைக் கண்டி என்றார்கள். போன வருஷம் அரண்மனை ஆட்களே கள்ளத்தனமாக மான் வேட்டையாடியதைப் பெயர் சொல்லிச் சொன்னார்கள். வெயில் சாய்ந்தது. ராஜாவுக்குப் பசித்தது.

"இவர்கள் இவ்வளவு பேசுவார்களா?" என்று இளநாகர் காதில் முணுமுணுத்தான்.

"இதுவரை யாரும் கேட்டதில்லையே, மகாராஜா."

"இன்னும் முடிக்கல சாமி, உக்காருங்க" என்றாள் வெள்ளச்சி.

ராஜா உட்கார்ந்தான்.